நாலாவது கால்

பணகுடியில் ஆடிக்காற்று
கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிப் பார்க்கிற காலை.
வியாழக்கிழமை வண்ணார்பேட்டையில்
மூவாயிரத்து எண்ணூறுக்கு வாங்கின பழைய பிராசஸரை
ராத்திரியே மாட்டிவிட்டேன்.
இருந்ததைவிட இரண்டு மடங்கு வேகம் என்றான் விற்றவன்.
வேகம்தான்.
இரண்டு நிமிஷம் நாற்பது நொடியில் அணைந்துவிடுகிறது.

அஞ்சலி நோட்டீஸுக்கு வந்த பையன்
ஸ்டூல் நுனியில் உட்கார்ந்திருக்கிறான்.
அவன் கொண்டுவந்த படத்தில்
யார் வீட்டுக் கல்யாணத்திலோ
பந்திக்குக் காத்து நிற்கிறார் அவன் அப்பா,
இடமிருந்து மூன்றாவது.
அவரை மட்டும் வெட்டி எடுத்து
தோளில் கிடக்கும் வேறொருவர் கையை
அழிக்கத் தொடங்கினால்
திரை இருட்டு.

சவத்துப் பய மிசினு
என்று வாய்வரை வந்ததை
பையனைப் பார்த்து விழுங்கினேன்.

முதல் சந்தேகம் கரண்ட் மேல்.
ஊரைச் சுற்றி இத்தனை காற்றாலை சுற்றியும்
எங்கள் தெருவுக்கு வரும் வோல்டேஜ் இந்த லட்சணம்.
ஜெராக்ஸ் மிசினின் பிளக்கில் மாற்றிச் சொருகினேன், அணைந்தது.
யூபிஎஸ் இல்லாமல் போட்டேன், அணைந்தது.
ராமைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து
ஒன்றை மட்டும் வைத்து, பிறகு மற்றதை மட்டும்.
பொத்தான் பேட்டரியைப் பிடுங்கி மாட்டியதில்
தேதி இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரிக்குப் போனதுதான் மிச்சம்.
"அப்ப நான் பொறக்கவே இல்லக்கா" என்றான்.

ஐந்தாவது தரம் முகம் வந்து போனதும்
எழுந்துபோய் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு
மலையைப் பார்த்து நின்றான்.

படத்தை விட்டுவிட்டு
வெறும் நீலத் திரையில் சூட்டைக் கவனித்தேன்.
எண்பத்தெட்டு.
தொண்ணூற்று மூன்று.
தொண்ணூற்றெட்டு, அவ்வளவுதான்.

"சூடானா தானா நின்னுருமாக்கா?"
"ஆமாலே. இல்லன்னா கருகிரும்லா."
கொஞ்சநேரம் பேசவில்லை.
"அப்பா வெல்டிங்ல இருந்தாவ.
நெஞ்சு வலிக்குன்னு சொன்னாவளாம்,
ஆனா அந்தக் கேட்ட முடிச்சிட்டுத்தான் எந்திச்சாவ."

கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒன்றைக் கிழித்து
ஃபேனுக்கு அடியில் சொருகிப் பார்த்தேன்.
மூன்று மூலையில் நுழையவில்லை.
நாலாவதில்
'முருகன் துணை' முழுசாக உள்ளே போனது.

ராத்திரி நான் அமுக்கின அமுக்கில்
பிளாஸ்டிக் கால் ஒன்று ஒடிந்திருக்கிறது.
நாகர்கோவில் போனால் கிடைக்கும்,
போய்த் திரும்ப மூன்று மணி நேரம்.
அடக்கம் நாலு மணிக்கு.

கேபினெட்டைப் படுக்கப் போட்டேன்.
ஒடிந்த கால் இருந்த இடத்தில்
கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
"வாலே. நீ அடி."
"எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியாதுக்கா."
"நான் சொல்லுதேன்."

தோற்றம் வரைக்கும் நான் அடித்து வைத்திருந்தேன்.
கே, என்றேன். ம வந்தது.
ஐ, அப்புறம் டபிள்யூ. றை.
ஷிப்ட அமுக்கிக்கிட்டே டீ.
மறைவு என்று எழுதியிருந்தது திரையில்.
அவன் கை கீபோர்டை விட்டு எழவில்லை,
அடுத்த எழுத்தைச் சொல்வேன் என்று இருந்தான்.
"தேதி போடு.
அது சாதா நம்பர்தான்."

அறுபத்தொன்பது. எழுபத்திரண்டு.
சூடு அங்கேயே நின்றது, விரலில் ஏறிக்கொண்டிருந்தது.
துயரில் வாடுவோர் வரிசையில்
கடைசிப் பேர் அவனுடையது.
ஜெபஸ்டினில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.
"பரவால்லக்கா."
திருத்தச் சொன்னேன்.
இந்தத் தடவை அப்பா
போகாமல் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்,
தோளில் பாதி அழிந்த கையோடு.
அந்தக் கையை அப்படியே விட்டுவிடச் சொன்னான்.

இருநூறு தாளையும் பிரிண்டர் தள்ளி முடித்த பிறகே
விரலை எடுத்தேன்.
அவன் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தான்.
பின்னால் மிசின் எப்போது அணைந்தது என்று
கவனிக்கவில்லை.

சனிக்கிழமை ரேஷன் கடையில்
கருவி என் ரேகையை எடுக்க மாட்டேன் என்றது.
"நல்லாத் தொடச்சிட்டு வைங்கம்மா."
முந்தானையில் தேய்த்து மறுபடி வைத்தேன்.
வரிசையில் பின்னால் நின்றவள் உச்சுக்கொட்டினாள்.
"வேற வெரல் குடுங்க" என்றார்.